நீ வேண்டாமென்ற பணம்

இன்று காலை என் லேபின் சுவரில் உன்னை ஒட்டியிருந்தார்கள்.

ஷட்டரைத் தூக்கக் குனிந்தபோது மைதா பசையின் புளித்த வாசனை அடித்தது. நிமிர்ந்து பார்த்தால் நீ. ஈரம் காயாத போஸ்டர். மேலே முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. உன் முகத்துக்குக் கீழே சிவப்பு எழுத்தில், 'விலைக்கு வாங்க முடியாத டாக்டரம்மா'. அந்தப் படம் எனக்குத் தெரியும். வேங்கிக்கால் கூட்டத்தன்று எடுத்தது. உன் பக்கத்தில் நான் நின்றிருந்தேன். என்னை வெட்டிவிட்டு உன்னை மட்டும் வைத்திருக்கிறார்கள். வெட்டியவனுக்கு என்ன அவசரமோ, உன் தோளுக்கு அருகே என் முக்காட்டின் பச்சை ஓரம் கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

இறந்தவர்களின் குறையைப் பேசக்கூடாது என்று எங்கள் வீட்டில் சொல்லி வளர்த்தார்கள். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். ஒரு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இந்தப் போஸ்டரைப் பார்த்த பிறகு முடியவில்லை. ஊர் முழுக்க உன்னைப் பற்றி நல்லதே பேசுகிறது. ஒருத்தி மற்றதைப் பேசினால் நீ ஒன்றும் குறைந்துவிட மாட்டாய். அதையும் உன்னிடமே சொல்கிறேன். முதுகுக்குப் பின்னால் பேசும் பழக்கம் நம் இருவருக்குமே இருந்ததில்லை.

நீ கீழ்பென்னாத்தூரில் பத்துப் படுக்கையோடு ஆஸ்பத்திரி தொடங்கிய அதே காலத்தில்தான் நான் தேரடி வீதிக்குப் பின்னால், அத்தாவின் இரும்புக் கடையில் பாதியைத் தடுத்து இந்த ரத்தப் பரிசோதனை லேபை வைத்தேன். பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் என்ற உரிமையில் உன் நோயாளிகளின் ரத்தமெல்லாம் என்னிடம்தான் வந்தது. வேர்க்கடலை பிடுங்கும் பருவத்தில் கண்ணாடி விரியன் கடித்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக வருவார்கள். நீ கொஞ்சம் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து ஆடாமல் வைத்துவிட்டுக் காத்திருப்பாய். உறைந்துவிட்டால் மூச்சு விடுவாய். தண்ணீராகவே நின்றால் விஷம் ஏறியிருக்கிறது என்று பொருள். உடனே விஷமுறிவு மருந்தை ஏற்ற ஆரம்பிப்பாய். ஒருவருக்குச் சில குப்பிகளில் கேட்கும் அதே மருந்து இன்னொருவருக்கு எத்தனை ஏற்றினாலும் கேட்காது. ஏன் என்று யாருக்கும் தெரியாது. அதைவிட உன்னைக் கடுப்பேற்றியது இன்னொன்று. பிழைத்து நடந்து வீட்டுக்குப் போனவர்கள் இரண்டு மூன்று வருடம் கழித்து முகமும் காலும் வீங்கி வந்து நின்றார்கள். கிட்னி போயிருந்தது.

"பாம்பு கடிச்சுப் பொழச்சவங்கள யாருமே திரும்பிப் பாக்கறதில்ல நூரு" என்றாய். "என் ஒருத்திகிட்ட இருக்கறது வெறும் கதை. ஆறு ஆஸ்பத்திரில இருக்கறத ஒண்ணா சேர்த்தாதான் அது ஆராய்ச்சி."

நல்ல பேச்சுதான். இல்லையென்று சொல்லவில்லை. அந்தப் பேச்சை நம்பித்தான் என் வாழ்க்கையின் நல்ல வருடங்களை உன்னோடு பஸ்ஸில் கழித்தேன். பௌர்ணமியை மட்டும் தவிர்த்துவிடுவோம். அன்று கிரிவலக் கூட்டத்தில் எந்தப் பஸ்ஸிலும் கால் வைக்க முடியாது. மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் செங்கம், போளூர், சேத்துப்பட்டு என்று போய் ஒவ்வொரு சின்ன ஆஸ்பத்திரியின் வாசலிலும் காத்திருந்தோம். அவர்கள் உன்னை வேவு பார்க்க வந்தவளாகத்தான் முதலில் பார்த்தார்கள். சேத்துப்பட்டு டாக்டர் முனிரத்தினம் நம் இருவரையும் விட வயதில் மூத்தவர். தன் நோயாளிகளின் விவரத்தை எதற்காக இன்னொரு டாக்டருக்குக் கொடுக்க வேண்டும் என்று முகத்துக்கு நேரே கேட்டார். நீ சிரித்துக்கொண்டே, "பேஷண்ட்ட பங்கு போட்டுக்க வரல சார். பாம்பத்தான் பங்கு போட்டுக்கலாம்னு வந்தோம்" என்றாய். அவர் காபி வரவழைத்தார். அன்றிலிருந்து அவர் உன் ஆள்.

கேட்கத் தெரிந்தவள் நீ. அதை மறுக்க மாட்டேன். செங்கம் சாலையில் ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டு அம்மாளுக்குக் காய்ச்சல் என்று உன்னைக் கூப்பிட்டார்கள். பேசாமல் இருப்பதற்காகக் கடல் தாண்டி வந்தவள் அவள். காய்ச்சல் இறங்கியதும் அவளை ஒரு காபிக்கடையில் உட்கார வைத்துப் பாம்பைப் பற்றியே பேசித் தள்ளினாய். தன் நாட்டில் ஓர் அறக்கட்டளையில் வெகுகாலம் வேலை பார்த்தவள் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. அவள் காட்டிய வழியில் எழுதிப் போட்டோம். பணம் வந்தது. என் லேபின் பின்னறைக்கு ரத்த மாதிரிகளை உறைய வைக்கும் பெரிய ஃப்ரீசர் வந்தது. சுமதி வந்தாள்.

ஆறு ஆஸ்பத்திரிகளைச் சேர்த்துக் கட்டிய இந்த வலையமைப்பின் உயிர் நீயும் இல்லை, நானும் இல்லை, சுமதிதான். நர்ஸ் படித்தவள். ஆறு ஆஸ்பத்திரிகளிலும் கடிபட்டுப் பிழைத்தவர்களை ஒவ்வொருவராக போனில் பிடித்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவழைத்து, பஸ் காசு கொடுத்து, ரத்தமும் சிறுநீரும் வாங்கி எனக்கு அனுப்புவது அவள் வேலை. கேட்க எளிதாக இருக்கும். கூலிக்குப் போகிறவர்கள் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, உடம்பு நன்றாக இருக்கும்போது ஆஸ்பத்திரிக்கு வருவார்களா? சுமதி கூப்பிட்டால் வந்தார்கள். பேரக்குழந்தையின் பெயரைச் சொல்லி விசாரிப்பாள். ஆட்டுக்குக் குட்டி பிறந்ததா என்று கேட்பாள். அந்தப் பேச்சின் நடுவே ஆளை வரச் சொல்லிவிடுவாள்.

கன்னியம்மாளையும் அப்படித்தான் பிடித்து வைத்திருந்தாள். உனக்கு அவளைத் தெரியாமல் இருக்காது. கடலை பிடுங்கிக்கொண்டிருந்தபோது புறங்காலில் கடித்த விரியன். உன் ஆஸ்பத்திரிக்கு அவளைத் தூக்கி வந்தபோது ஈறிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அந்த இரண்டு நாளும் நீ வீட்டுக்குப் போகவில்லை. பிழைத்துக்கொண்டாள். அதன்பின் சுமதி கூப்பிடும்போதெல்லாம் ஒரு பை வறுத்த மல்லாட்டையோடு, அவள் கையால் பிடுங்கிய கடலையோடு, வருவாள். ஒரு தடவை அவள் முதுகுவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வதைச் சுமதி பேச்சுவாக்கில் கண்டுபிடித்தாள். அந்த மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்று திட்டி, கையிலிருந்ததை வாங்கிக் குப்பையில் போட்டாள். அந்த மாதம் கன்னியம்மாளின் ரத்தத்தில் ஏறிக்கொண்டிருந்த கிரியாட்டினின், கிட்னி கெடுவதைக் காட்டும் அந்த அளவு, அடுத்த தடவை இறங்கியிருந்தது. சுமதி அந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு லேபெல்லாம் சுற்றி வந்தாள். நாம் கண்டுபிடித்த பெரிய உண்மை அவ்வளவுதான், கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பது.

கூப்பிட்டுக்கொண்டே இருக்கப் பணம் வேண்டும்.

அறக்கட்டளை தன் காலம் முடிந்ததும் நன்றி சொல்லி விலகிக்கொண்டது. அவர்களுடைய அக்கறை வேறு நோய்க்குப் போய்விட்டது. டெல்லிக்கு எழுதினோம், பின்னால் ஒரு மருத்துவக் கல்லூரி நின்றால்தான் பார்ப்போம் என்று பதில் வந்தது. உள்ளூரில் கேட்கலாம் என்று ஒரு அரிசி மண்டிக்காரரிடம் போனோம், நினைவிருக்கிறதா? மரியாதையாக உட்கார வைத்தார். "கிரிவலப் பாதையில அன்னதானம்னா இப்பவே தரேம்மா. பாம்பு கடிச்சுப் பொழச்சவனுக்கு போன் பண்றதுக்கு எதுக்குக் காசு?" என்றார். வெளியே வந்து நீ விழுந்து விழுந்து சிரித்தாய். என்னால் சிரிக்க முடியவில்லை. சுமதிக்கு அந்த மாதச் சம்பளம் எங்கிருந்து வரும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அது எப்போதும் என் யோசனையாகவே இருந்தது. உன்னுடையதாக ஒருநாளும் இருக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் விஷமுறிவு மருந்து தயாரிக்கும் ஒரு கம்பெனி தானாகவே வந்தது. பிரகாஷ் என்று ஒருவர், அதிர்ந்து பேசாதவர். ஐந்து வருடத்துக்கு முழுச் செலவையும் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். பதிலுக்கு நம் ஃப்ரீசரில் இருக்கும் ரத்த மாதிரிகள் முழுவதும், ஆராய்ச்சி முடிவுகளும் தங்களுக்கு மட்டுமே வேண்டும் என்றார். ஆறு ஆஸ்பத்திரிக்காரர்களும் உட்கார்ந்து பேசி முடிவெடுப்போம் என்று வேங்கிக்காலில் ஒரு ஓட்டல் ஹாலைப் பிடித்தோம். அங்கே ஒரு பத்திரிகை நிருபரும் போட்டோக்காரரும் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட்டது யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. நீயாக இருக்காது என்று நம்பப் பார்க்கிறேன்.

பிரகாஷ் பாதி பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்தாய்.

"இந்த ரத்தத்துக்கு யாரைக் கேட்டு விலை பேசறீங்க? குடுத்தவங்க எல்லாரும் கூலிக்காரங்க. மருந்து நல்லாகணும்னு சொல்லி வாங்கினோம். நீங்க கொண்டுபோய் பூட்டி வெச்சுக்கறதுக்கு இல்ல. உங்க பணம் எங்களுக்கு வேணாம்."

முனிரத்தினம் கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள், தட்டாமல் இருந்தால் என்ன நினைப்பார்களோ என்று. என் பக்கம் நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போட்டோக்காரர் பளிச்சென்று எடுத்தார். பிரகாஷ் தன் பையை எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் பேப்பரில் நீ இருந்தாய்.

திரும்பும்போது ஆட்டோவில் கேட்டேன், "நீ யாரைக் கேட்டு வேணாம்னு சொன்ன?"

"இதுல கேக்க என்ன இருக்கு? தப்புன்னா தப்புதான்."

"பேசிப் பாத்திருக்கலாம். சுமதிக்கு யார் குடுக்கறது?"

"வரும் நூரு. நல்ல காரியத்துக்கு வராமப் போகாது."

அந்த வாக்கியத்தை நான் இன்றும் வெறுக்கிறேன். நல்ல காரியம் என்று நாம் எதைச் சொல்கிறோமோ அதற்குத்தான் வராமல் போகிறது. கல்யாணத்துக்கு வருகிறது, கட்டிடத்துக்கு வருகிறது, பேனருக்கு வருகிறது. வருடக்கணக்கில் ஓசையில்லாமல் செய்ய வேண்டிய வேலைக்கு வருவதில்லை. இது தெரியாத குழந்தை இல்லை நீ. நோயாளிகளுடைய ரத்தம் அவர்களுக்குச் சொந்தம் என்று மேடையில் பேசினாய். அந்த நோயாளிகளில் ஒருவரையாவது கேட்டாயா? ஐந்து வருடம் உங்களைத் தேடி வந்து பார்க்க ஒருவர் காசு தருகிறார், வாங்கட்டுமா வேண்டாமா என்று கன்னியம்மாளைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள்?

பணம் வரவில்லை. சுமதி கொஞ்ச நாள் பாதிச் சம்பளத்திலும், பிறகு சம்பளமே இல்லாமலும் வந்தாள். அவளுக்குப் படிக்கிற வயதில் இரண்டு பெண்கள். கடைசியில் வேலூரில் ஒரு குழந்தைப்பேறு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தாள். சொல்லிக்கொள்ள வந்தபோது என் முன்னால் நின்று அழுதாள். நீ அவளுக்கு ஒரு பட்டுப் புடவை வாங்கிக் கொடுத்து அனுப்பியதாகப் பிறகு கேள்விப்பட்டேன். புடவை. போன் சத்தம் நின்றது. ஆறு ஆஸ்பத்திரிகளும் பழையபடி ஆறு ஆஸ்பத்திரிகளாயின. ஃப்ரீசர் மட்டும் என் பின்னறையில் உறுமிக்கொண்டிருந்தது. அதன் கரண்ட் பில்லை நான் கட்டினேன். மின்சாரம் போகிறபோதெல்லாம் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றியதும் நான்தான். நீ வாரம் ஒருமுறை போன் செய்து, "எல்லாம் பத்திரமா இருக்கில்ல?" என்று கேட்பாய். யாரும் தொடாத ரத்தம் பத்திரமாகத்தான் இருந்தது.

அந்த மாதங்களில் நீ இளைத்துக்கொண்டே வந்தாய். கேட்டால் சுகர் என்றாய். டாக்டர் சொன்னால் நம்பித்தானே ஆக வேண்டும். ஆஸ்பத்திரிக்குத் தவறாமல் போனாய், நோயாளிகளைப் பார்த்தாய். பாராட்டு விழா ஒன்றுக்குப் போய்ச் சால்வைகூட வாங்கி வந்தாய். அப்புறம் ஒருநாள் சென்னையில் சேர்த்திருக்கிறார்கள் என்றார்கள். நான் கிளம்புவதற்குள் முடிந்துவிட்டது.

மூன்றாம் நாள் உன் தம்பி என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான். வேங்கிக்கால் கூட்டத்துக்கு முன்பே உனக்குத் தெரியுமாம். கணையத்தில் புற்றுநோய், அதிக நாள் இல்லை என்று சென்னையில் சொல்லிவிட்டார்களாம். "உங்ககிட்ட மட்டும் சொல்லக்கூடாதுன்னு அக்கா சத்தியம் வாங்கிட்டா. நூரு தாங்க மாட்டான்னு சொன்னா" என்றான்.

நான் தாங்க மாட்டேன் என்று நீ முடிவு செய்தாய். அதையும் என்னைக் கேட்காமல்.

எல்லோரும் அழுதுகொண்டிருந்த அந்த வீட்டில் எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. எதிரில் நீ இருந்தால் உலுக்கியிருப்பேன். சம்பளத்துக்கு வழி தேட நீ இருக்க மாட்டாய் என்று தெரிந்தே பணம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாய். அந்த ஹாலில் நீ எடுத்தது முடிவே இல்லை. உன் கடைசி ஆசையைச் சொன்னாய். கை சுத்தமாகப் போய்ச் சேர வேண்டும் என்ற ஆசை. போய்ச் சேர்ந்தாய். மிச்சத்தை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனாய்.

உன் நாற்பதாம் நாள் கழியக் காத்திருந்துவிட்டு நான் பிரகாஷுக்கு போன் செய்தேன். அவர் லேபுக்கே வந்தார். டீ வரவழைத்தேன். நமக்கு எது ஒத்துவராது என்று நேராகச் சொன்னேன். ஆராய்ச்சி முடிவு எதுவானாலும் முதலில் இந்த ஆஸ்பத்திரிகளுக்கும், அவர்கள் வழியாக நோயாளிகளுக்கும் வர வேண்டும். பூட்டி வைக்கக் கூடாது. நோயாளிகளைத் தொடர்ந்து பார்க்கும் செலவை மருந்து வியாபாரத்தோடு முடிச்சுப் போடக் கூடாது. அவர் மறுத்துப் பேசவில்லை. வெளியே போய்த் தன் ஆபீஸோடு பேசிவிட்டு வந்து, முடிவுகளைப் பகிர்வதில் சிக்கல் இருக்காது, எழுத்தில் தருகிறோம் என்றார். ரத்த மாதிரிகளில் பாதி மட்டும் தங்களிடம் வர வேண்டும், அதில் மாற்றமில்லை என்றார்.

"அன்னிக்கு ஏன் இதைச் சொல்லல?" என்று கேட்டேன்.

"மேடம் கேக்கவே இல்லையே" என்றார். "நாங்க எழுதிக் கொண்டு வந்தது பேச்சுக்கு ஆரம்பம்தான். பேசுவாங்கன்னுதான் வந்தோம்."

ஒரு டீ ஆறும் நேரம். நீ முடியவே முடியாது என்று உலகத்துக்கு அறிவித்த விஷயம் அவ்வளவில் முடிந்தது. மாதிரிகளில் பாதி போவது எனக்கும் பிடிக்கவில்லை. அவை போன அன்று பெட்டிகளை வண்டியில் ஏற்றும்போது நான் உள்ளே போய்விட்டேன். நீ சொன்னதில் உண்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்தப் பாதி இனி எங்கே போகும், எதற்குப் பயன்படும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாதுதான். ஆனால் மற்றப் பாதியும், ஐந்து வருடமும் இங்கே இருக்கின்றன. உன் கணக்கில் எங்களிடம் எல்லா ரத்தமும் இருந்தது, அதைப் பார்க்க ஆள்தான் இல்லை.

முனிரத்தினம் ஒப்பந்தத்தில் சேரவில்லை. "அந்தம்மா கண்ண மூடினதும் வித்துட்டீங்க" என்று மற்றவர்கள் முன்னால் சொல்லிவிட்டு எழுந்து போனார். இப்போது ஐந்து ஆஸ்பத்திரிகள்தான். அவர் என்னைப் பார்த்தால் இன்றும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். இந்தப் போஸ்டர்கூட அவர் செலவில் அடித்ததுதான் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கையெழுத்துப் போட்ட அன்று வலையமைப்புக்கு உன் பெயரை வைக்கலாம் என்று கம்பெனிக்காரர்களே சொன்னார்கள். எல்லோருக்கும் சம்மதம். நான் கூடாது என்றேன். இது பலர் சேர்ந்து செய்கிற வேலை, ஒருவர் பெயரில் வேண்டாம் என்று காரணம் சொன்னேன். அது நாகரிகத்துக்குச் சொன்ன காரணம். உண்மையான காரணம், தினமும் காலையில் போனை எடுத்து உன் பெயரைச் சொல்லிவிட்டு நோயாளியிடம் பேச்சைத் தொடங்க என்னால் முடியாது என்பதுதான். என்னைப் பொறாமைக்காரி என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டும்.

சுமதியைத் திரும்பக் கூப்பிட்டேன். வர மாட்டேன் என்றாள். "மறுபடியும் நடுவுல நின்னா என்னால முடியாதுக்கா" என்றாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. புதிதாக ஒரு பெண்ணைச் சேர்த்தோம். அவளும் நானும் உட்கார்ந்து விட்டுப்போனவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தோம். பல எண்கள் உபயோகத்தில் இல்லை. சிலர் பெங்களூருக்குக் கட்டிட வேலைக்குப் போயிருந்தார்கள். சிலர் இத்தனை நாள் எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டார்கள். ஒருவர் இறந்து சில மாதமாகியிருந்தது. பாம்புக்கும் அவர் சாவுக்கும் சம்பந்தம் உண்டா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. கன்னியம்மாளின் எண்ணுக்குப் போட்டபோது அவள் மகன் எடுத்தான். அம்மா டயாலிசிஸில் இருக்கிறாள் என்றான்.

அன்றைக்கே போனேன். அரசு ஆஸ்பத்திரியில், வரிசையாக மெஷின்கள் ஓடும் அறையில் கடைசிக் கட்டிலில் இருந்தாள். பாதியாகிப் போயிருந்தாள். கையிலிருந்து சிவப்புக் குழாய்கள் போய்க்கொண்டிருந்தன. என்னை அடையாளம் தெரிந்ததும் எழுந்து உட்காரப் பார்த்தாள். தோளைத் தொட்டுப் படுக்க வைத்தேன்.

ஏன் வரவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நீங்க கூப்டலையேம்மா" என்றாள். "ஒடம்பு நல்லாயிடுச்சு, அதான் கூப்டலன்னு நெனச்சுக்கினேன்."

முதுகுவலி அதிகமானதும் பழைய மாத்திரையையே மறுபடி வாங்கிப் போட்டிருக்கிறாள். திட்டுவதற்கு ஆள் இல்லை. கூப்பிட்டிருந்தால் காப்பாற்றியிருப்போம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். விஷம் ஏற்கெனவே கெடுத்து வைத்த கிட்னி, எப்படியும் போயிருக்கலாம். எந்த டாக்டரும் அப்படித்தான் சொல்வார், நீயும் சொல்வாய். ஆனால் இறங்கிய ரிப்போர்ட்டைப் பிடித்துக்கொண்டு சுமதி லேபைச் சுற்றி வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

"டாக்டரம்மா நல்லா கீறாங்களா?" என்று கேட்டாள்.

யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. நான் சொன்னேன். குழாய் இல்லாத கையால் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். வயிறு குலுங்கியது. நர்ஸ் ஓடிவந்து, அழக்கூடாது, பிரஷர் ஏறும் என்று அதட்டினாள். வெகுநேரம் கழித்து முந்தானையை எடுத்தாள்.

"அந்தம்மா இருந்திருந்தா என்ன இப்படி உட்டிருக்க மாட்டாங்க" என்றாள்.

நீ இருந்தாய். அவளுக்கு போன் போகாமல் நின்ற அந்த மாதங்கள் எல்லாம், அவள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வந்துவிடக்கூடிய கீழ்பென்னாத்தூரில், உன் நாற்காலியில் உட்கார்ந்து நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு இருந்தாய். நுனிநாக்கு வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் எனக்குப் பாரம் இறங்கியிருக்கும். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் என்ன சொல்லப்போகிறேன் என்று.

"ஆமாம்மா" என்றேன்.

உன்னை மன்னித்துவிட்டுச் சொன்ன வார்த்தை இல்லை அது. அவளிடம் மிச்சமிருப்பது கொஞ்சம்தான். அதில் நீயும் ஒருத்தி. அதையும் பிடுங்க மனம் வரவில்லை. வாரம் இரண்டு தடவை அவள் மெஷினுக்கு வரும் நாட்களில் நான் போய்ப் பக்கத்தில் உட்காருகிறேன். போகும்போதெல்லாம் உன் பெயரை எடுக்கிறாள். நான் தலையாட்டிக்கொண்டிருக்கிறேன்.